பூட்டனுக்கு ஜான் வெஸ்லி ஞானஸ்நானம் கொடுத்தாரா? நீலகிரியில் மெதடிஸ்ட் வேர் தேடுவோருக்கு

கேள்வி, ஜனவரி 9 (சென்னையிலிருந்து ஒரு தம்பி)

அண்ணா, எங்கள் அம்மாயி சாகும்வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்: "உங்க பூட்டனுக்கு ஜான் வெஸ்லி ஐயரே குன்னூர்ல ஞானஸ்நானம் குடுத்தாரு." நாங்கள் இன்று சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் வீட்டில் எல்லாரும் "நாம மெதடிஸ்ட்" என்றுதான் சொல்வார்கள். எங்கே போய்த் தேடுவது?

ஜனவரி 10

முதலில் தேதியைப் பார்த்துவிடுவோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பிறந்தது 1703, இறந்தது 1791 மார்ச் 2. கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை நீலகிரி ஏறியது 1819. ஆக, வெஸ்லி கண்மூடி 28 வருஷம் கழித்துத்தான் துரைமார் இங்கே கூடாரம் அடிக்கிறார்கள். வெஸ்லி மிஷனரியாகக் கடல் கடந்து போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு. இந்தியாப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்காக அம்மாயி பொய் சொன்னது என்று மூடி வைத்துவிட வேண்டாம். இந்த மாதிரிக் கதைகளில் ஆள் மாறியிருக்கும், வருஷம் மாறியிருக்கும், ஆனால் ஏதோ ஒன்று நிஜமாக இருக்கும். "வெஸ்லி மிஷன் ஐயர்", அதாவது அந்த மிஷனின் போதகர், என்பது மூன்று தலைமுறை வாயில் புழங்கினால் "வெஸ்லி ஐயர்" ஆகிவிடாதா?

தம்பி, இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். பூட்டன் எந்த வருஷத்து ஆள், உத்தேசமாகவாவது. மலைக்கு எந்த ஊரிலிருந்து ஏறினார். என்ன வேலை. எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை என்று வீட்டில் தனியாகச் சொல்வார்களா.

ஜனவரி 10, இரவு

இன்னொரு சாத்தியம் இப்போதுதான் தோன்றியது. ஜான் வெஸ்லி என்று பெயர் வைத்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர்! என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன், எங்கள் தெருவில் பால் ஊற்றியவர் ஒருவர். அந்தப் பெயரில் ஒரு தமிழ் ஐயர் இருந்து அவரே தண்ணீர் தெளித்திருந்தால், அம்மாயி சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

ஜனவரி 14

பொங்கல் லீவு, கரண்ட் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நீலகிரியில் ஒரு தமிழ்க் குடும்பம் "நாம மெதடிஸ்ட்" என்று சொன்னால் அது நாலு வேறு இடங்களிலிருந்து வந்திருக்கலாம். எது என்று பிரிக்காமல் தேடினால் வருஷக்கணக்கில் தப்பான பீரோவைத் திறந்துகொண்டிருப்போம். நான் அப்படித் திறந்துகொண்டிருந்தவன்தான்.

பழைய வெஸ்லியன் மிஷன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாமஸ் கோக் என்பவர் ஒரு குழுவோடு இங்கிலாந்திலிருந்து கிளம்பி 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்துபோகிறார். மற்றவர்கள் ஜூன் கடைசியில் இலங்கையின் காலி நகரத்தில் இறங்குகிறார்கள். அதில் ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு 1817இல் சென்னைக்கு வருகிறார். தமிழ்நாட்டு மெதடிஸ்ட் சரித்திரம் யாழ்ப்பாணம் வழியாக வந்தது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அப்புறம் ராயப்பேட்டை, நாகப்பட்டினம், மன்னார்குடி, கரூர், தாராபுரம் என்று பரவுகிறது. பெங்களூர், மைசூர்ப் பக்கம் கன்னடத்தில் ஒரு தனிக் களம்.

இந்தப் பட்டியலில் நீலகிரி எங்கே? கவனித்தீர்களா? மலை மக்களிடையே வேலை செய்தது பெரும்பாலும் மற்றவர்கள். ஊட்டியில் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக் கோயிலான செயின்ட் ஸ்டீபன்ஸ் 1830லேயே பிரதிஷ்டை ஆகிவிட்டது. கேத்தியில் பாசல் மிஷன் 1846லிருந்து. எனவே என் எண்ணம்: மலையில் இருக்கும் மெதடிஸ்ட் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் அந்தப் பெயரைக் கீழே சமவெளியிலிருந்து மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்தது. காப்பித் தோட்டம், ரயில், அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, வெலிங்டன் பட்டாளம் என்று பிழைப்பு இழுத்த பக்கம் ஏறியிருக்கிறார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்கள் பட்ட பாடு தெரியும். அதற்குப் பிறகு மலை ஏறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

இது முதல் வகை. இரண்டாவது, வெலிங்டன் பட்டாளத்தோடு ஒட்டியவர்கள். மூன்றாவது, பெங்களூர் வழியாக வந்த அமெரிக்க மெதடிஸ்ட்கள். நாலாவது, சிலோன்காரர்கள். ஒவ்வொன்றாகப் பிறகு எழுதுகிறேன், பொங்கல் பானை கூப்பிடுகிறது.

முடிவு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காகிதம் மலையைப் பார்த்துப் போகாது, மிஷனின் எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான் போகும். குன்னூரில் பிறந்த ஆளின் தகப்பனைத் தாராபுரத்தில் தேட வேண்டியிருக்கும்.

ஜனவரி 17

கோத்தகிரி வாசகர் ஒருவர்: "கேத்தி சபையும் மெதடிஸ்ட்தானே, எங்க தாத்தா அப்படித்தான் சொல்வார்."

இல்லைங்க. கேத்தி பாசல் மிஷன். காசமேஜர் என்ற ரிட்டையர்டு சிவில் சர்வீஸ் அதிகாரி தன் கேத்தி பங்களாவில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். படுகர்களிடையே மெட்ஸ் ஐயர் வருஷக்கணக்கில் ஊர் ஊராக நடந்தார். முதல் படுகர் ஞானஸ்நானம் 1858இல். அந்த மிஷனின் கடிதங்கள் ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய போட்டோக்களை இணையத்திலேயே பார்க்கலாம். எழுத்துகள் ஜெர்மனில், அதுவும் பழைய கையெழுத்தில். உங்கள் தாத்தா படுகர் என்றால் அங்கே போங்கள், வெஸ்லியை விட்டுவிடுங்கள்.

ஆனால் தாத்தா ஏன் அப்படிச் சொன்னார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எல்லாம் சேர்ந்து சிஎஸ்ஐ என்று ஒரே சபை ஆனபின், "சிஎஸ்ஐக்கு முன்னாடி நாம என்ன" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் கிளம்பியது. பக்கத்துப் பெஞ்சுக்காரர் சொன்ன பெயர் நம் பெயராகிவிடுவதும் உண்டு.

ஜனவரி 26

லண்டன் காப்பகத்துக்கு மெயில் போடுவதற்கு முன் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறங்கள். எங்கள் வீட்டில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

அப்பாருடைய வேதாகமம். பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு, இன்றும் நாம் வாசிப்பது. மல்கியா முடிந்து மத்தேயு தொடங்கும் முன் இருக்கும் வெற்றுத் தாளில் பிறப்பு இறப்பெல்லாம் மூன்று பேர் கையெழுத்தில். ஒருவர் தமிழ் எண்களில் தேதி போட்டிருக்கிறார். அடுத்தவர் ஆங்கில எண்களில். மூன்றாமவர் எங்கள் அத்தை, பிறந்த நேரம், மழை பெய்ததா என்பது வரை எழுதிவிட்டு வருஷத்தை விட்டுவிட்டார்!

அதற்குள் சங்கீதப் பக்கங்களில் ஒரு சின்ன அச்சுச் சீட்டு. ஒரு வசனம், காலாண்டு, கையால் எழுதிய எங்கள் பூட்டனாரின் பெயர். ஏதோ சந்தா ரசீது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். அது வகுப்புச் சீட்டு. மெதடிஸ்ட்களுக்கே உரிய ஏற்பாடு. சபையார் சிறு சிறு வகுப்புகளாகப் பிரிந்து வாரம் ஒருமுறை ஒரு வகுப்புத் தலைவரிடம் கூடுவார்கள். ஒழுங்காக இருக்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டுப் புதுப்பிப்பார்கள். ஆங்கிலிக்கன் வீட்டில் இது இருக்காது, பாசல் மிஷன் வீட்டிலும் இருக்காது. ஆகவே உங்கள் பழைய வேதாகமத்தை உதறிப் பாருங்கள். மெதுவாக உதறுங்கள், ராமபாணப் பூச்சி தின்றது போக மீதிதான் இருக்கும்.

உடன்படிக்கை ஆராதனை பற்றி ஜனவரி 10இல் கேட்டிருந்தேன். அதை ரொம்ப நம்ப வேண்டாம் என்று இப்போது படுகிறது. வெஸ்லி 1755இல் தொடங்கிய வழக்கம்தான் அது, ஆனால் சிஎஸ்ஐ தன் வழிபாட்டுப் புத்தகத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. இன்று ஆங்கிலிக்கன் வழி வந்த சபையிலும் ஜனவரி முதல் ஞாயிறு அது நடக்கும். வகுப்புச் சீட்டு உறுதியான சாட்சி, ஆராதனை வெறும் வாசனை.

பிப்ரவரி 8

பதிவேடு பார்க்கப் போனதைப் பற்றிக் கேட்கிறார்கள். சமவெளியில் ஒரு பழைய சபை, பெயர் வேண்டாம். போனில் "வாங்க, தாராளமா பாக்கலாம்" என்றார்கள். போய் நின்றால் சாவி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளையிடம், கோயில் பிள்ளை மகள் வீட்டில், ஐயர் கமிட்டி மீட்டிங்கில். செயலாளர் வந்து, "எதுக்கு சார் பழசெல்லாம், சொத்துப் பிரச்சினையா?" என்று கேட்டார். அந்தச் சந்தேகம் எல்லா ஊரிலும் உண்டு. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கிறவன் ஒன்று சர்ச் நிலத்துக்குக் கேஸ் போடப்போகிறான், இல்லை வெளிநாட்டு விசாவுக்கு அலைகிறான் என்பது அவர்கள் கணக்கு. குடும்ப மரம் வரைய என்றால் சிரிக்கிறார்கள்.

கடைசியில் திறந்தார்கள். வெஸ்லியன் ஞானஸ்நானப் பதிவேட்டில் கட்டங்கள் நன்றாகவே இருக்கும்: பிறந்த தேதி, ஞானஸ்நான தேதி, பிள்ளை பெயர், தாய் தகப்பன் பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில், கொடுத்த ஐயர் கையெழுத்து. நம் ஆட்களுக்குத் தங்கச் சுரங்கம் கடைசி மூன்று கட்டங்கள். பெயரை நம்பாதீர்கள், ஞானமுத்துக்கள் பத்துப் பேர் இருப்பார்கள். குடியிருப்பும் தொழிலும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஐயர் கையெழுத்து எதற்கென்றால், மெதடிஸ்ட் ஐயர்மார் ஓரிடத்தில் வேர் பிடிக்க மாட்டார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். சர்க்யூட் என்று பல ஊர்களைச் சேர்த்து ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்கு ஒரே புத்தகம், அது தலைமை ஊரில் இருக்கும். கிராமத்துச் சிறு சபையில் போய்ப் பதிவேடு எங்கே என்று கேட்டால் "எங்ககிட்ட ஒண்ணும் இல்லை" என்பார்கள். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம், அவர்களிடம் எப்போதும் இருந்ததில்லை. எந்தச் சுற்றைச் சேர்ந்த ஊர் என்று கேளுங்கள்.

பிப்ரவரி 9

நேற்று எழுத விட்டது. ஆங்கிலத்தில் எழுதிய பதிவேடுகளில் நம் பெயர் படும் பாட்டைச் சொல்லி முடியாது. வெள்ளைக்கார ஐயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். தேவசகாயத்துக்கு ஒரே புத்தகத்தில் நாலு ஸ்பெல்லிங். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்று இல்லாததால் சில ஐயர்மார் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். அடுத்த தலைமுறையில் அது மறுபடி மாறும். இணையத் தளங்களில் "சர்நேம்" பெட்டியைக் காலியாக விட்டு, ஊரையும் வருஷத்தையும் மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

பிப்ரவரி 22

"எல்லாமே லண்டனில் இருக்கிறது, காசு கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்" என்று துபாயிலிருந்து ஒரு நண்பர். பாதி சரி.

பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத்துக்கு என்2 என்ற வரிசை, 1698லிருந்து 1948 வரை ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் குடும்ப வரலாறு தேடுவோரின் ஃபிபிஸ் என்ற சங்கத்தின் அட்டவணை, ஃபேமிலிசர்ச் தளம் இரண்டும் இலவசம். ஆனால் அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர். தமிழ்க் கிறிஸ்தவர்களின் நகல்கள் பொதுவாக லண்டனுக்குப் போகவில்லை. அங்கே பூட்டன் பெயர் இல்லை என்பதால் பூட்டனுக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை என்று ஆகாது. இதை ஒருவர் எனக்கு அழுதுகொண்டே எழுதினார், அதனால் சொல்கிறேன்.

மிஷன் கடிதங்கள் வேறு. மெதடிஸ்ட் மிஷனரி சொசைட்டியின் காகிதங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில். பெங்களூர் யுனைடெட் தியலாஜிகல் காலேஜ் காப்பகத்திலும் தென்னிந்திய மிஷன் காகிதங்கள் உண்டு. பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். அங்கே உங்கள் பூட்டன் பெயரோடு வருவது அபூர்வம், அவர் உபதேசியாராகவோ பள்ளி வாத்தியாராகவோ இருந்தால் தவிர. ஆனால் அந்த வருஷம் அந்த ஊரில் காலரா வந்ததா, யார் ஐயராக இருந்தார், எந்தத் தெருவில் பள்ளி திறந்தார்கள் என்பதெல்லாம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1932க்கு முன் "மெதடிஸ்ட்" என்று மட்டும் தேடாதீர்கள், "வெஸ்லியன்" என்றும் தேடுங்கள். அந்த வருஷம்தான் இங்கிலாந்தில் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைடெட் மெதடிஸ்ட் மூன்றும் ஒன்றாயின. 1947 செப்டம்பர் 27க்குப் பிறகு தென்னிந்தியாவில் இந்தப் பிரிட்டிஷ் வழிச் சபைகளுக்கு இரண்டும் கிடைக்காது, சிஎஸ்ஐ என்றுதான் இருக்கும். "நாங்க நூத்தம்பது வருஷமா சிஎஸ்ஐ" என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிறவர்கள் கணக்கைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளவும்.

பிப்ரவரி 23

அரசாங்கக் காகிதம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி கோயிலில் நடந்த கல்யாணத்தின் நகல் அரசுப் பதிவாளருக்குப் போக வேண்டும். கோயில் புத்தகத்தைக் கரையான் தின்றாலும் நகல் பிழைத்திருக்கலாம். பதிவுத்துறையில் மனுப் போடுங்கள். வயதை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சட்டம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு அப்போது கேட்டது மணமகனுக்கு 16க்கு மேல், மணமகளுக்கு 13க்கு மேல். எங்கள் குடும்பத்தில் ஒரு பாட்டி கல்யாணத்தில் 14 என்றும், மகன் ஞானஸ்நானக் கணக்கை வைத்துப் பார்த்தால் 12 என்றும் வருகிறது.

நீலகிரிக்காரர்கள் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும். இந்த மலை ஒரே ஆபீசின் கீழ் இருந்ததில்லை. 1830லிருந்து 1843 வரை பெரும்பகுதி மலபார் ஜில்லா. அப்புறம் கோயம்புத்தூர். 1868இல்தான் தனியாகக் கமிஷனர். கூடலூர்ப் பக்கம் 1877 வரை மலபார்தான். ஆகவே கூடலூர் தோட்டத்து ஆளின் பழைய ரெவின்யூ காகிதம் கோழிக்கோட்டில் கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மார்ச் 1

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். ஒரு வாசகர் கேட்டார்: கோயில் பதிவேட்டில் தாத்தா பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறு, இரண்டும் ஒரே ஆள்தானா?

பெரும்பாலும் ஒரே ஆள்தான். பதிவேட்டில் சில ஐயர்மார் சாதியையும் எழுதிவைத்தார்கள். கரூர், தாராபுரம் பக்கம் மிஷனில் சேர்ந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிச் சலுகையை இந்துக்களுக்கு மட்டும் என்று வைத்தது. பிறகு சீக்கியர், பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. கோயிலில் ஒரு பெயர், தாலுகா ஆபீசில் ஒரு பெயர் என்று குடும்பங்கள் வாழ்ந்ததற்கு இது ஒரு காரணம். பிள்ளை படிக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும், வேறு என்ன செய்வார்கள்? இதைக் கண்டுபிடித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு உடைக்காதீர்கள். பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். சொன்னால் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

சிலர் குடும்ப மரம் வரையும்போது மேல் கிளையில் ஒரு துரையோ ஒரு ஜமீனோ வந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். கூலியாக மலை ஏறியவன் உட்காருவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 15

நாலாவது வகை, சிலோன்காரர்கள். கோத்தகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பு லைனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: "நாங்க பதுளைப் பக்கம் இருந்து வந்தவங்க, அங்கயே மெதடிஸ்ட் சபை. எங்க பேப்பர் எங்க இருக்கும்?"

அக்கா, உங்கள் வழி மற்றவர்களைவிடத் தெளிவு. 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று பேச்சு. அதே 1964இல்தான் இலங்கை மெதடிஸ்ட் திருச்சபையும் பிரிட்டிஷ் நிர்வாகத்திலிருந்து பிரிந்து தனியாக நின்றது. அங்கே சிஎஸ்ஐயோடு இணைப்பு இல்லை, ஆகவே "மெதடிஸ்ட்" என்ற பெயர் இன்றும் பலகையில் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு அங்குள்ள சர்க்யூட்டில். உங்களிடம் கண்டி இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பேமிலி கார்டு இருக்கும், பெயர்கள் வயதோடு வரிசையாக. அதுதான் உங்கள் முதல் ஆவணம். தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடான செக்ரோலிலும் பெயர் இருந்திருக்கும், ஆனால் அதைத் தோட்டங்கள் பத்திரமாக வைப்பது அரிது.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்பது ஆங்கிலிக்கன் பக்கத்தது. மலையகத் தோட்டங்களில் அதுதான் பரவலாக வேலை செய்தது. தாத்தா "மிஷன் சபை" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது மெதடிஸ்ட்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அதைவிடப் பழைய வேர் வேண்டுமென்றால், இலங்கைக்குப் போவதற்கு முன் உங்கள் ஆட்கள் திருச்சியிலிருந்தா புதுக்கோட்டையிலிருந்தா சேலத்திலிருந்தா போனார்கள் என்று கேளுங்கள். ஆள் சேர்த்து அழைத்துப் போன கங்காணி எந்த ஊர் ஆளோ அவருடைய ஆட்களும் அந்த ஊரைச் சுற்றித்தான் இருப்பார்கள்.

மார்ச் 16

ஒருவர் கேட்கிறார்: "ஆறுமுக நாவலரும் மெதடிஸ்ட்தானாமே?" வந்தது பார் சண்டை! இல்லை. நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்தார், பெர்சிவல் ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடனிருந்தார். சைவராகவே இருந்தார். 1848இல் மிஷனை விட்டு விலகிச் சைவத்துக்காகவே பள்ளிகள் நடத்தினார். இங்கே இது போதும், தேவாரமும் ஞானப்பாட்டும் மோதவேண்டாம்.

மார்ச் 29

மூன்றாவது வகை, சுருக்கமாக. அமெரிக்க மெதடிஸ்ட். வில்லியம் டெய்லர் 1870களில் பம்பாய், சென்னை, பெங்களூர் என்று ஆங்கிலம் பேசுகிறவர்களிடையே கூட்டம் நடத்தினார். பெங்களூர் பால்ட்வின் பள்ளிகள் 1880இல் அந்த வழியில் வந்தவை. இவர்கள் சிஎஸ்ஐயில் சேரவில்லை. 1981லிருந்து இந்திய மெதடிஸ்ட் திருச்சபை. ஊட்டியில், குன்னூரில் ரிட்டையராகி வந்து குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் "மெதடிஸ்ட்" என்றால் முதலில் பெங்களூரில் விசாரியுங்கள். சோவாஸ் நூலகத்தில் இவர்கள் கிடைக்க மாட்டார்கள், அது பிரிட்டிஷ் மெதடிஸ்ட் வீடு.

கொடைக்கானல்காரர் ஒருவர் ஏன் பழனி மலையைச் சொல்லவில்லை என்று கோபிக்கிறார். கொடைக்கானல் அமெரிக்கன் மதுரை மிஷன் 1845இல் வீடு கட்டிய இடம், அவர்கள் காங்கிரகேஷனலிஸ்ட், அதாவது மெதடிஸ்ட் அல்லாத வேறொரு பிரிவு. கோடையில் எல்லா மிஷன் ஆட்களும் அங்கே ஏறுவார்கள். உங்கள் தாத்தா ஒரு மெதடிஸ்ட் துரையோடு சமையல்காரராக ஏறியிருந்தால் அவருடைய பதிவு துரையின் ஊரில் இருக்கும், கொடைக்கானலில் இருக்காது.

ஏப்ரல் 12

குன்னூர் டைகர் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தேன். மழைக்கு முன் போவது நல்லது, பிறகு லேண்டானா புதர் வழி விடாது, அட்டை வேறு. கல்லில் எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பு தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது எல்லாம் தயவுசெய்து வேண்டாம். சாய்வாகச் சூரியன் அடிக்கும் காலை நேரத்தில், இல்லை பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் போட்டோ எடுத்தால் எழுத்து எழும்பி வரும்.

தமிழ் ஆட்களின் பழைய கல்லறைகள் பெரும்பாலும் மண்மேடும் மரச் சிலுவையும்தான். மரம் எத்தனை மழை தாங்கும்? கல் வைக்க வசதி வந்தது அடுத்த தலைமுறைக்கு. 1905இல் காட்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்துப் பெரிய புத்தகம் போட்டார். அதைப் புரட்டினால் படைத் தளபதிகளும் கலெக்டர்களும் வரிசையாக வருவார்கள். நம் பூட்டன்களுக்கு அதில் இடமில்லை. அடக்கப் பதிவேடுதான் கதி.

ஏப்ரல் 26

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். பாட்டியின் கல்யாணப் பதிவு நகல் கிடைத்துவிட்டது. மணமகளின் தகப்பன், அதாவது நம் பூட்டன், தொழில்: பட்லர், வெலிங்டன். குடியிருப்பும் வெலிங்டன். சொந்த ஊர் எழுதவில்லை.

நல்லது. இப்போது இரண்டாவது வகை, வெலிங்டன் பட்டாளத்தோடு ஒட்டியவர்கள், நடுவில் வந்து உட்காருகிறது. ஜனவரி 14 குறிப்பில் கீழிருந்து கட்டிக்கொண்டு வந்தது என்ற பக்கம் சாய்ந்திருந்தேன். பட்லர் என்றதும் தராசு கொஞ்சம் அசைகிறது. வெலிங்டன் பாரக்ஸ் 1850களில் கட்டத் தொடங்கியது. நோய்ப்பட்டு வரும் பட்டாளத்தார் உடம்பு தேற மலை ஏறும் இடம். பட்டாளத்தாரின் பதிவில் மதப்பிரிவு என்று ஒரு கட்டம் உண்டு, அதில் வெஸ்லியன் என்று எழுதியவர்கள் உண்டு. தம்பியின் பூட்டன் அப்படி ஒரு அதிகாரியின் வீட்டில் வேலை பார்த்து, அந்தத் துரையைப் பார்க்க வந்த ஐயரிடமே பெரியவராக ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம். குழந்தைகளுக்கு மட்டும்தான் ஞானஸ்நானம் என்று நினைத்துப் பிறந்த வருஷத்தையே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கல்யாணத்துக்குச் சற்று முந்தின வருஷங்களையும் பாருங்கள், முதல் பிள்ளை ஞானஸ்நானம் ஆன நாளையும் பாருங்கள். தகப்பனும் பிள்ளையும் ஒரே நாளில் பெறுவது சகஜம்.

பட்லர்மார் வீட்டில் துரை கொடுத்த நற்சான்றுக் கடிதங்களைப் பத்திரமாக வைப்பார்கள், அடுத்த வேலைக்கு அதுதான் சிபாரிசு. தம்பி, மாமா வீட்டுப் பரணில் அந்தக் கட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஒரு ரெஜிமென்ட் பெயர் கிடைத்தால் துரையைப் பிடித்துவிடலாம். துரைக்கு லண்டன் பதிவு உண்டு, அந்த என்2 வரிசை அப்போது உதவும். பூட்டனுக்கு உதவாத புத்தகம் துரை வழியாக உதவுகிறது!

ஏப்ரல் 27

தம்பி பதில்: "மாமா பரணைக் காலி பண்ணிப் பழைய பேப்பர் கடையில போட்டாச்சாம் அண்ணா, ஆனா ஒரு தோல் பை மட்டும் அத்தை எடுத்து வெச்சிருக்காங்களாம்."

உடனே அத்தை வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், குன்னூர் வர்க்கி வாங்கிக்கொண்டு போங்கள். போனில் போட்டோ அனுப்பச் சொன்னால் பாதிதான் வரும், பையின் உள்பாக்கெட்டை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மே 3

அத்தை ஊரில் இல்லையாம், பேரன் லீவுக்குத் திருப்பூர் போயிருக்கிறாராம். ஜூன் பள்ளி திறந்தபின்தான். அதுவரை கோத்தகிரி அக்கா தன் பேமிலி கார்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார், அதைப் பார்ப்போம். முதல் வரியில் குடும்பத் தலைவர், ஆறாவது வரியில் அக்கா, வயது 4. பெயர்களை இங்கே போட மாட்டேன். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் யாரோ ஓர் ஊர் எழுதி அழித்திருக்கிறார்கள். "துறையூர்" மாதிரித் தெரிகிறது. அக்கா, ஒரிஜினலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.